ஜிஎஃப்எஸ்2 மவுன்ட் ஆகாமல் தொங்குகிறதா? அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழி

ஒரே சான் டிஸ்க்கை (நெட்வொர்க் வழியாகப் பல சர்வர்கள் பகிரும் டிஸ்க்) இரண்டு மூன்று சர்வர்கள் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்து, எல்லாமே படித்து எல்லாமே எழுத வேண்டும் என்றால் சாதாரண ஃபைல் சிஸ்டம் உதவாது. அதற்காக இருப்பவற்றில் ஒன்று ஜிஎஃப்எஸ்2. 2006-இல் லினக்ஸ் கர்னல் 2.6.19-உடன் வந்தது, ரெட் ஹேட் குடும்பத்தில்தான் அதிகம் புழங்குகிறது. நான் இங்கே எழுதுவது ரெட் ஹேட் 9 வகை சர்வர்களில், பேஸ்மேக்கர் கிளஸ்டரின் (பல சர்வர்களை ஒரே குழுவாக நிர்வகிக்கும் அமைப்பின்) மேல் இது ஓடும் அமைப்பைப் பற்றி.

“ஜிஎஃப்எஸ்2 மவுன்ட் ஆகவில்லை” என்று யாராவது வந்தால், பெரும்பாலும் தப்பு ஜிஎஃப்எஸ்2-இல் இருக்காது. அதற்குக் கீழே ஒரு அடுக்கு வரிசை இருக்கிறது. கோரோசிங்க் “யார் யார் உயிரோடு இருக்கிறார்கள்” என்று சொல்லும். பெரும்பான்மை இருக்கிறதா என்பது குவோரம். செத்துப்போன சர்வரை உறுதியாக அணைத்துவிடுவது ஃபென்சிங். இவை சரியாக இருந்தால்தான் டிஎல்எம் (யார் எப்போது எழுதலாம் என்று சர்வர்களுக்கிடையே முறைப்படுத்துவது) பூட்டுகளைக் கொடுக்கும். டிஎல்எம் ஓடினால்தான் எல்விஎம்லாக்டி (எல்விஎம்-இன் பூட்டுகளைப் பார்த்துக்கொள்வது) ஓடும், அது ஓடினால்தான் பொது லாஜிக்கல் வால்யூம் (டிஸ்க்கிலிருந்து எல்விஎம் பிரித்துத் தரும் பகுதி) உயிர் பெறும், கடைசியில்தான் மவுன்ட். கீழே எது தடுக்கினாலும் மேலே தெரிவது ஒரே அறிகுறி: தொங்கல். ஆகவே “இது ஏன் உடைந்தது” என்று தேடாதீர்கள், “இது யாருக்காகக் காத்திருக்கிறது” என்று தேடுங்கள். பாதி நேரம் மிச்சம்.

கட்டளைகளை வாயால் சொல்லும் மாதிரியே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும் முன் மேனுவல் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து.

அறிகுறி: மவுன்ட் கட்டளை எந்தப் பிழையும் சொல்லாமல் அப்படியே நிற்கிறது

முதல் சர்வரில் சட்டென்று மவுன்ட் ஆகிவிடும். இரண்டாவதில் அடித்தால் கர்சர் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கன்ட்ரோல்-சி வேலை செய்யாது. இன்னொரு டெர்மினல் திறந்து பிஎஸ் போட்டால் அந்த ப்ராசஸ் டி நிலையில் (எதற்காகவோ காத்துக்கொண்டு, எந்தச் சிக்னலுக்கும் அசையாத நிலை) கிடக்கும். கில் மைனஸ் 9-க்கும் அசையாது. இந்த இடத்தில் பலர் செய்வது சர்வரின் பவர் பட்டனை அழுத்துவது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் டிமெசேஜ் (கர்னல் பதிவு) பாருங்கள். டிஎல்எம் “2-க்கு இணைக்கிறேன்” (2 என்பது மற்ற சர்வரின் எண்) என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தால் விஷயம் ஃபயர்வால். இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பிசிஎஸ் ஸ்டேட்டஸ் (பிசிஎஸ் என்பது கிளஸ்டரை நிர்வகிக்கும் கட்டளை) அடித்தால் இரண்டு சர்வரும் ஆன்லைன் என்று காட்டும், ஏனென்றால் கோரோசிங்க் பேசுவது யுடிபி 5404 தொடங்கி சில போர்ட்களில். டிஎல்எம் பேசுவதோ டிசிபி 21064. முதலாவது திறந்து இரண்டாவது மூடியிருந்தால் “கிளஸ்டர் நன்றாக இருக்கிறது, மவுன்ட் மட்டும் ஆகவில்லை” என்ற தோற்றம் வரும். ஃபயர்வால்டியில் ஹை-அவெய்லபிலிட்டி என்ற சர்வீஸைச் சேர்த்தால் தேவையான போர்ட்கள் எல்லாம் சேர்ந்தே திறக்கும். சர்வரில் திறந்துவிட்டு, நடுவில் இருக்கும் நெட்வொர்க் ஃபயர்வாலை மறந்துவிடுவதும் வழக்கம்தான். ஒரு சர்வரிலிருந்து மற்றதன் 21064-க்கு என்சி போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரு பக்கமும் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் போதாது.

போர்ட் சரி என்றால் அடுத்து டிஎல்எம்_டூல் எல்எஸ். இந்த ஒரு கட்டளையை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பூட்டு வெளிக்கும் (ஒன்றாகக் கையாளப்படும் பூட்டுகளின் தொகுதி) சில வரிகள் வரும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் உறுப்பினர் எண்கள் வரும், அவ்வளவுதான். பிரச்சினை இருந்தால் ஃப்ளாக்ஸ் வரியில் ‘கெர்ன்_ஸ்டாப்’ என்றும், கீழே ‘நியூ ஸ்டேட்டஸ்’ வரியில் ‘வெயிட் ஃபென்சிங்’ என்றும் இருக்கும். அதாவது, ஒரு சர்வர் காணாமல் போய்விட்டது, அதை அணைத்துவிட்டதாக யாரும் இன்னும் உறுதி சொல்லவில்லை, அதுவரை யாருக்கும் பூட்டு கிடையாது. செத்தது என்று நாம் நினைக்கும் சர்வர் உண்மையில் நெட்வொர்க் மட்டும் அறுந்து உயிரோடு இருந்து டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் இந்தப் பிடிவாதம் நியாயம்தான்.

ஃபென்சிங் ஏன் முடியவில்லை என்று பிசிஎஸ் ஸ்டோனித் ஹிஸ்டரி சொல்லும் (ஸ்டோனித் என்பது ஃபென்சிங்குக்குப் பேஸ்மேக்கர் வைத்த பெயர்). பாஸ்வேர்ட் மாறியிருக்கலாம், ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து அணைக்க உதவும் வழி) முகவரிக்கு வழி இல்லாமல் இருக்கலாம், அல்லது ஃபென்சிங் சாதனமே அமைக்காமல் விட்டிருக்கலாம். “டெஸ்ட்டுக்குத்தானே” என்று ஸ்டோனித்தை அணைத்துவைத்தவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான்.

இன்னொரு வகையை நான் நேரிலேயே பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் சோதனைக்காக ஒரு சர்வரின் பவர் கேபிளையே பிடுங்கினோம். ஃபென்சிங் ஐபிஎம்ஐ வழியாக. மற்ற சர்வர் அதை அணைக்கச் சொல்லிக் கேட்கிறது, பதில் இல்லை. ஏன் இல்லை? ஐபிஎம்ஐ சிப்புக்கும் அதே பவர் சப்ளைதானே! செத்த சர்வர் நிஜமாகவே செத்துவிட்டது, ஆனால் அதை உறுதி செய்யும் வாயும் கூடவே செத்துவிட்டது. கிளஸ்டர் முழுக்க உறைந்தது. இதற்கு இரண்டாவது ஃபென்சிங் வழி வேண்டும். நிர்வகிக்கக்கூடிய பிடியு (பவர் விநியோகப் பெட்டி) இருந்தால் அதை இரண்டாம் நிலையாகச் சேர்க்கலாம் (பிசிஎஸ் ஸ்டோனித் லெவல் ஆட்). சான் டிஸ்க் ஸ்கஸி-3 நிரந்தர ரிசர்வேஷனை ஆதரித்தால் ஃபென்ஸ்_ஸ்கஸி இன்னும் நேரடியானது. அது சர்வரை அணைக்காது, டிஸ்க்கில் எழுதும் உரிமையைப் பிடுங்கிவிடும்.

அவசரத்துக்கு பிசிஎஸ் ஸ்டோனித் கன்ஃபர்ம் என்று ஒரு கட்டளை இருக்கிறது. “அந்த சர்வர் அணைந்துவிட்டது, நான் பொறுப்பு” என்று நீங்கள் சத்தியம் செய்வதற்குச் சமம். சர்வர் முன்னால் போய் நின்று, விளக்கு அணைந்திருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு மட்டும் அடியுங்கள். பிங் போகவில்லை என்பது அணைந்ததற்குச் சான்று இல்லை.

வெயிட் ஃபென்சிங்கும் இல்லை, ஆனாலும் தொங்குகிறது என்றால் குவோரம் பாருங்கள்: கோரோசிங்க்-குவோரம்டூல். ஐந்தில் மூன்று சர்வர்கள் போய்விட்டால் மிச்சம் இரண்டும் எழுத முடியாமல் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். இங்கே ஒரு அமைப்பு முக்கியம். நோ-குவோரம்-பாலிசியின் இயல்பு மதிப்பு ஸ்டாப். ஜிஎஃப்எஸ்2-க்கு அது ஒத்துவராது, ஃப்ரீஸ் என்று மாற்ற வேண்டும். ஸ்டாப் என்றால் குவோரம் போனதும் பேஸ்மேக்கர் ஃபைல் சிஸ்டத்தை அன்மவுன்ட் செய்யப் பார்க்கும். அன்மவுன்ட்டுக்கும் பூட்டு வேண்டும், பூட்டுக்குக் குவோரம் வேண்டும். முடியாது. முடியவில்லை என்பதால் சர்வரை ஃபென்ஸ் செய்ய முடிவெடுக்கும். ஒரு சின்ன நெட்வொர்க் தடங்கலில் மொத்தக் கிளஸ்டரும் ஒருமுறை அணைந்து எழும் கதை இப்படித்தான் நடக்கிறது.

அறிகுறி: மவுன்ட் உடனே தோற்கிறது, கர்னல் பதிவில் “உள்ளூர் ஐபி முகவரி அமைக்கப்படவில்லை” என்று டிஎல்எம் புலம்புகிறது

மவுன்ட் கட்டளை “ட்ரான்ஸ்போர்ட் எண்ட்பாயின்ட் இணைக்கப்படவில்லை” என்ற பொருளில் ஒன்றைச் சொல்லும். இதைப் பார்த்தவுடன் ஐபி முகவரியையும் நெட்வொர்க் கார்டையும் நோண்டக் கிளம்பாதீர்கள். டிஎல்எம்_கன்ட்ரோல்டி ஓடவில்லை, அவ்வளவே. கர்னலுக்கு முகவரிகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. அது இல்லாததால் கர்னலுக்கு முகவரி தெரியவில்லை. கன்ட்ரோல்டி ரிசோர்ஸ் (பேஸ்மேக்கர் இதை ஓட்டும் அலகு) எல்லாச் சர்வரிலும் க்ளோனாக, அதாவது சர்வருக்கு ஒரு பிரதியாக, ஓடுகிறதா என்று பிசிஎஸ் ஸ்டேட்டஸில் பாருங்கள்.

அறிகுறி: கிளஸ்டர் பெயர் பொருந்தவில்லை

ஃபைல் சிஸ்டத்தை உருவாக்கும்போது எம்கேஎஃப்எஸ்-க்கு மைனஸ் டி என்று ஒரு பெயர் கொடுத்திருப்பீர்கள்: முதலில் கிளஸ்டர் பெயர், ஒரு முக்காற்புள்ளி, பிறகு ஃபைல் சிஸ்டத்தின் பெயர். இது சூப்பர்பிளாக்கில் (ஃபைல் சிஸ்டம் தன்னைப் பற்றிய விவரத்தை வைக்கும் இடம்) எழுதப்பட்டுவிடும். கோரோசிங்க் அமைப்பில் உள்ள கிளஸ்டர் பெயரோடு இது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு அடிக்கோடு, ஒரு பெரிய எழுத்து வித்தியாசம் போதும், மவுன்ட் ஆகாது. மவுன்ட் கட்டளையின் வாயிலிருந்து உருப்படியாக எதுவும் வராது. காரணம் டிமெசேஜில் இரு பெயர்களோடும் அச்சாகியிருக்கும்.

கிளஸ்டரைப் புதிதாகக் கட்டிவிட்டுப் பழைய டிஸ்க்கை மாட்டும்போது இது நிச்சயம் வரும். டியூன்ஜிஎஃப்எஸ்2 மைனஸ் எல் (சிறிய எல்) போட்டால் உள்ளே இருக்கும் பெயர் தெரியும். எந்தச் சர்வரிலும் மவுன்ட் ஆகாத நிலையில், அதே கட்டளைக்கு மைனஸ் ஓ லாக்டேபிள் என்று புதுப் பெயரைக் கொடுத்து மாற்றலாம். பெயருக்காக யாரும் மறுபடி எம்கேஎஃப்எஸ் அடித்துவிட வேண்டாம், அது டேட்டாவைத் துடைத்துவிடும்.

இதோடு சேர்ந்தது: ஸ்டோரேஜில் ஸ்னாப்ஷாட் எடுத்து, அந்தப் பிரதியை அதே கிளஸ்டரில் மவுன்ட் செய்யப் பார்த்தால் தகராறு வரும். அசலுக்கும் பிரதிக்கும் ஒரே பூட்டுப் பெயர். பிரதியின் லாக்டேபிளையும் யுயுஐடியையும் முதலில் மாற்றிவிட்டுத்தான் மவுன்ட் செய்ய வேண்டும்.

அறிகுறி: இரண்டு சர்வரில் மவுன்ட் ஆகிறது, மூன்றாவது வந்தால் மறுக்கிறது

“2-ஆம் ஜர்னலை மவுன்ட் செய்ய முடியவில்லை, இருப்பவை இரண்டே ஜர்னல்கள், 0 முதல் 1 வரை” என்ற பொருளில் கர்னல் தெளிவாகவே சொல்லிவிடும். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குவதால் முதல் பார்வைக்குக் கொஞ்சம் குழப்பும். மவுன்ட் செய்யும் ஒவ்வொரு சர்வருக்கும் தனி ஜர்னல் (மாற்றங்களை முதலில் குறித்துவைக்கும் இடம்) வேண்டும். எம்கேஎஃப்எஸ்-இல் மைனஸ் ஜே கொடுக்காமல் விட்டால் ஒன்றுதான் கிடைக்கும்.

ஏற்கெனவே மவுன்ட் ஆகியிருக்கும் ஏதாவது ஒரு சர்வரில் ஜிஎஃப்எஸ்2_ஜேஆட் மைனஸ் ஜே 1 என்று மவுன்ட் பாயின்ட்டைக் கொடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே சேரும். ஒரு சர்வரில் அடித்தால் போதும். ஒவ்வொரு ஜர்னலும் இயல்பாக 128 எம்பி இடம் எடுக்கும். சேர்த்ததைத் திரும்ப எடுக்க முடியாது. ஆரம்பத்திலேயே ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டுவைப்பது என் வழக்கம்.

அறிகுறி: இரண்டாவது சர்வரில் வால்யூம் குரூப்பே தெரியவில்லை

முதலில், டிஸ்க் அதே டிஸ்க்தானா? ஒரு சர்வரில் எஸ்டிபி என்பது இன்னொன்றில் எஸ்டிசி ஆக இருக்கலாம். பெயரை நம்பாமல் இரண்டிலும் டிஸ்க் பை-ஐடி கோப்பகத்தில் டபிள்யூடபிள்யூஐடியை (டிஸ்க்கின் மாறாத அடையாளம்) ஒப்பிடுங்கள்.

டிஸ்க் சரி என்றால், ரெட் ஹேட் 9-இல் புதிதாக வந்த ஒரு பொறி இருக்கிறது. எல்விஎம் தன்னுடைய டிவைசஸ் ஃபைலில் பதிந்த டிஸ்க்குகளை மட்டும்தான் பார்க்கும். முதல் சர்வரில் நீங்கள் விஜிகிரியேட் செய்தபோது அங்கே தானாகப் பதிவாகிவிட்டது. இரண்டாவதில் யாரும் பதியவில்லை. அங்கே எல்விஎம்டிவைசஸ் மைனஸ் மைனஸ் ஆட்டெவ் என்று டிஸ்க்கைக் கொடுத்தால் உடனே தெரியும். 8-இல் பழகிய கை 9-இல் இங்கேதான் அரை நாளைத் தொலைக்கும். என் அரை நாளும் இங்கேதான் போயிற்று.

குரூப் தெரிகிறது, ஆனால் வால்யூம் உயிர் பெறவில்லை என்றால் அந்த சர்வரில் விஜிசேஞ்ச் லாக்ஸ்டார்ட் நடந்ததா என்று பாருங்கள். குரூப்பை உருவாக்கும்போதே ஷேர்ட் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அறிகுறி: ஒரு சர்வரில் உருவாக்கிய ஃபைல் மற்றதில் தெரியவில்லை, அன்மவுன்ட் செய்து மறுபடி மவுன்ட் செய்தால் தெரிகிறது

உடனே எல்லாச் சர்வரிலும் எழுதுவதை நிறுத்துங்கள். எல்எஸ்பிஎல்கே மைனஸ் எஃப் போட்டுப் பாருங்கள். அங்கே எக்ஸ்எஃப்எஸ் அல்லது இஎக்ஸ்டி4 என்று இருக்கும். இவற்றுக்குத் தன்னைத் தவிர இன்னொருவர் அதே டிஸ்க்கில் எழுதக்கூடும் என்ற எண்ணமே கிடையாது. ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் இருக்கும் படத்தையே உண்மை என்று நம்பி எழுதும், ஒன்றின் மேல் ஒன்று. ஃபைல் தெரியாதது ஆரம்பம்தான், அடுத்து வருவது சிதைவு. எல்லாச் சர்வரிலும் அன்மவுன்ட் செய்து, ஒரே ஒரு சர்வரில் எஃப்எஸ்சிகே (எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்) ஓட்டி, கிடைத்ததை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டுப் புதிதாக ஜிஎஃப்எஸ்2 போடுவதுதான் வழி.

ஜிஎஃப்எஸ்2-தான், ஆனாலும் இப்படி நடக்கிறது என்றால் பூட்டு வகை ‘லாக்_நோலாக்’ ஆக இருக்கலாம். அது ஒற்றைச் சர்வருக்கானது. டியூன்ஜிஎஃப்எஸ்2 காட்டிவிடும். மவுன்ட் ஆப்ஷனில் லாக்ப்ரோட்டோ என்று யாராவது மீட்பு வேலைக்குக் கொடுத்து மறந்துவிட்டார்களா என்றும் பாருங்கள்.

அறிகுறி: இரண்டு சர்வர்களும் மாறி மாறி ஒன்றையொன்று அணைக்கின்றன

நெட்வொர்க் அறுந்ததும் இரண்டும் ஒரே நொடியில் துப்பாக்கி எடுக்கும். இரண்டும் விழும். ஒரு ஃபென்சிங் சாதனத்தில் பிசிஎம்கே_டிலே_பேஸ் என்று சில நொடி தாமதம் கொடுங்கள். எந்தச் சர்வரைச் சுடும் சாதனத்தில் தாமதம் இருக்கிறதோ, அந்தச் சர்வர்தான் பிழைக்கும். இதை நிறையப் பேர் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். விழுந்தது எழுந்து வந்து மற்றதைச் சுடுகிறது என்றால் கோரோசிங்க் அமைப்பில் வெயிட்_ஃபார்_ஆல் 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சர்வர் அமைப்பில் இது தானாகவே வரும், யாராவது மாற்றினால்தான் போகும்.

அறிகுறி: வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

எப்போதுமே மந்தமா, குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் மந்தமா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பிட்ட நேரம் என்றால் க்ரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்). லொகேட் கட்டளைக்காக ஓடும் அப்டேட்டிபி எல்லாச் சர்வரிலும் ஒரே நேரத்தில் கிளம்பி மொத்த மரத்தையும் அலசினால், ஒவ்வொரு ஐநோடுக்கும் (ஃபைல் ஒன்றின் விவரப் பதிவு) பூட்டு இங்கும் அங்குமாகப் பறக்கும். அதன் அமைப்பில் ஜிஎஃப்எஸ்2-ஐ விலக்கிவையுங்கள். பேக்கப் இன்னும் நுட்பமானது. இரவு ஒரு சர்வர் எல்லா ஃபைலையும் படித்து முடித்தபின், அத்தனை பூட்டுகளையும் தன் கேஷிலேயே வைத்துக்கொள்ளும். காலையில் மற்ற சர்வர்களில் பயனர்கள் வந்ததும் ஒவ்வொரு பூட்டையும் அதனிடம் கேட்டு வாங்க வேண்டும். “காலை முதல் அரை மணி நேரம் மட்டும் ஸ்லோ சார்” என்ற புகாரின் ஊற்று இதுதான். பேக்கப் முடிந்ததும் அந்தச் சர்வரில் ட்ராப்_கேஷஸ்-க்கு 3 எழுதச் சொல்லி ஸ்கிரிப்ட்டின் கடைசியில் ஒரு வரி சேருங்கள்.

எப்போதுமே மந்தம் என்றால், ஒரே கோப்பகத்தில் எல்லாச் சர்வரும் எழுதுகின்றனவா என்று பாருங்கள். ஒரு சர்வர் வைத்திருக்கும் கோப்பகத்தில் இன்னொன்று எழுத வேண்டுமென்றால், முதல் சர்வர் தன் மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி, கேஷைக் கைவிட்டு, பூட்டை விட வேண்டும். இரண்டாவது அதை டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்கும் இந்தப் பந்து விளையாட்டு. பயன்பாட்டின் அமைப்பில் சர்வருக்கொரு துணைக் கோப்பகம் கொடுத்தாலே சில நேரம் ஆளே மாறிவிடும். நோஏடைம் ஆப்ஷனோடு மவுன்ட் செய்யுங்கள். இல்லையென்றால் வெறும் படிப்புகூட அணுகல் நேரத்தை எழுதும் வேலையாகி, எழுதும் பூட்டைக் கேட்கும்.

அறிகுறி: ஒரு சர்வரில் எதைத் தொட்டாலும் உள்ளீட்டு/வெளியீட்டுப் பிழை

பதிவில் ‘வித்ட்ரா’ என்ற சொல்லைத் தேடுங்கள். ஜிஎஃப்எஸ்2 தன் டேட்டாவில் முரண்பாடு கண்டால் அந்தச் சர்வரில் மட்டும் கடையை மூடிக்கொள்ளும். அதற்குச் சற்று மேலே டிஸ்க் பிழை அல்லது மல்டிபாத் (டிஸ்க்குக்குப் போகும் பல வழிகள்) அறுந்த செய்தி இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு அந்தச் சர்வரை ரீபூட் செய்யுங்கள். ஃபைல் சிஸ்டம் ரிசோர்ஸைக் கிளஸ்டர் வழியாக டிசேபிள் செய்து, எல்லாச் சர்வரிலும் அன்மவுன்ட் ஆனதை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு சர்வரில் எஃப்எஸ்சிகே.ஜிஎஃப்எஸ்2 ஓட்டுங்கள். வேறெங்காவது மவுன்ட் ஆகியிருக்கும்போது ஓட்டினால், இருந்த சின்ன முரண்பாட்டை நீங்களே பெரிய சிதைவாக ஆக்கிவிடுவீர்கள். பெரிய டிஸ்க் என்றால் நேரமும் ரேமும் தாராளமாக எடுக்கும், அவசரப்பட்டு நடுவில் நிறுத்த வேண்டாம்.

அறிகுறி: ரீபூட் செய்தால் தொங்குகிறது, அல்லது ஒன்றை ரீபூட் செய்தால் மற்றதிலும் மவுன்ட் கழன்றுபோகிறது

முதலாவது, கையால் மவுன்ட் செய்ததன் பலன். பேஸ்மேக்கருக்கு அந்த மவுன்ட் இருப்பதே தெரியாது. அணையும்போது அது டிஎல்எம்-ஐ நிறுத்தப் பார்க்கும், மேலே ஃபைல் சிஸ்டம் உட்கார்ந்திருப்பதால் நிற்காது, முடிவில் ஃபென்சிங் வரும். எஃப்எஸ்டேப்பில் எழுதிவைத்தாலும் இதே போன்ற தொல்லைதான், பூட் ஆகும்போதும் சேர்ந்து. அங்கிருந்து எடுத்துவிட்டு ஃபைல்சிஸ்டம் ரிசோர்ஸாகக் கிளஸ்டரிடம் ஒப்படையுங்கள்.

இரண்டாவதுக்குக் காரணம் ஒற்றைச் சொல்: இன்டர்லீவ். க்ளோன்களில் இன்டர்லீவ் ட்ரூ இல்லையென்றால், ஃபைல் சிஸ்டம் க்ளோன் ஒவ்வொன்றும் எல்லாச் சர்வரிலும் உள்ள பூட்டு ரிசோர்ஸ்களுக்காகக் காத்திருக்கும். தன் சர்வரில் இருப்பது மட்டும் போதும் என்று நினைக்காது. அதனால் எங்கோ ஒரு சர்வரில் டிஎல்எம் நின்றாலும் எல்லா இடத்திலும் மவுன்ட் கழலும். டிஎல்எம், எல்விஎம்லாக்டி அடங்கிய க்ளோன், வால்யூம் க்ளோன், ஃபைல் சிஸ்டம் க்ளோன் என்று மூன்றிலும் அது இருக்க வேண்டும்.

அறிகுறி: 10-க்கு மேம்படுத்தியதும் பேக்கேஜே கிடைக்கவில்லை

தேடி அலைய வேண்டாம். ரெட் ஹேட் 10-இல் ரெசிலியன்ட் ஸ்டோரேஜ் ஆட்-ஆனை எடுத்துவிட்டார்கள், ஜிஎஃப்எஸ்2-உம் அதோடு போய்விட்டது. இந்தச் சர்வர்கள் 9-இலேயே இருக்கட்டும்.